கடலுக்கு அடியில் போன சுரங்கம்: பொட்டாலக், லெவன்ட் பார்த்தவர்கள் உண்டா?

செல்வி_பிரிஸ்டல்

பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு இங்கிலாந்தில் உள்ள கார்ன்வாலின் மேற்கு முனைக்குப் போயிருந்தோம். லேண்ட்ஸ் எண்ட் பார்க்கத்தான் கிளம்பினோம். அங்கே கடலைவிடக் கூட்டம்தான் அதிகம் தெரிந்தது. தங்கியிருந்த வீட்டின் அம்மா, "அதை விடுங்கள், செயின்ட் ஜஸ்ட் பக்கம் பொட்டாலக் போய்ப் பாருங்கள்" என்றார். போனோம்.

மேட்டில் வண்டியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச தூரம் நடந்தால் தரை சட்டென்று முடிந்துவிடுகிறது. கீழே செங்குத்துப் பாறை. அதன் இடுப்பில், அலை தெறிக்கும் உயரத்தில், கூரையில்லாத இரண்டு கல் கட்டடங்கள். பக்கத்தில் புகைபோக்கி. முதலில் பழைய கோட்டை என்றுதான் நினைத்தேன். கிரௌன்ஸ் எஞ்சின் வீடுகள் என்று பெயராம். அங்கிருந்து சுரங்கம் கடலுக்கு அடியில் கிட்டத்தட்ட 400 மீட்டர் வெளியே போகிறதாம். செம்பும் வெள்ளீயமும் எடுத்திருக்கிறார்கள்.

"கடல் உள்ளே வந்துவிடாதா அம்மா?" என்று மகன் கேட்டான். என்னிடம் பதில் இல்லை. இவ்வளவு கீழே, பாறை விளிம்பில், எதற்காகக் கட்டினார்கள் என்பதும் புரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாய்லர்_பாலு

சகோதரி, இரண்டாவது கேள்விக்கு நான் வருகிறேன். முப்பது வருடம் கொதிகலனோடு குடித்தனம் நடத்தியவன், விட மாட்டேன்.

கிணற்று மேட்டில் ஏற்றம் பார்த்திருப்பீர்களே? நடுவில் ஒரு கால், மேலே நீளமான மரம், ஒரு முனையில் சால், மறு முனையில் ஆள் நடப்பான். கார்ன்வால் எஞ்சின் அதேதான். ஏற்றமரத்துக்குப் பதில் பல டன் எடையுள்ள இரும்புத் துலாம். ஏற்றக்காலுக்குப் பதில் கட்டடத்தின் முன்சுவர். துலாத்தின் பாதி கட்டடத்துக்கு உள்ளே, பாதி வெளியே. உள்முனையை நீராவி உருளை இழுக்கும். வெளிமுனையில் தொங்கும் நீண்ட மரத்தண்டு குழிக்குள் அடிவரை போகும்.

இதில் அழகான விஷயம் ஒன்று உண்டு. தண்ணீரை மேலே தள்ளுவது நீராவி இல்லை. நீராவி தண்டைத் தூக்கி மட்டும் கொடுக்கும். விடும்போது தண்டின் சொந்த எடைதான் தண்ணீரை மேலே தள்ளும்.

மொத்த பாரமும் அந்த முன்சுவர் மேல்தான். அதனால் அந்த ஒரு சுவரை மட்டும் பெரிய கருங்கல் வைத்து, மற்றதைவிடத் தடிமனாகக் கட்டுவார்கள். கட்டடம் எஞ்சினைச் சுற்றி எழுப்பிய கூடு இல்லை, அது எஞ்சினின் ஓர் உறுப்பு. கூரை போய், எஞ்சின் காயலான் கடைக்குப் போய், நூறு வருடத்துக்கு மேல் உப்புக்காற்று அடித்தும் சுவர் நிற்பதற்கு அதுதான் காரணம்.

நீங்கள் பார்த்ததில் கீழே இருப்பது 1835இல் கட்டியது, தண்ணீர் இறைக்க. மேலே இருப்பது 1860களின் தொடக்கத்தில் வந்தது, தாது தூக்க. 1858இல் கடலை நோக்கிச் சாய்வாக ஒரு குழி வெட்டத் தொடங்கினார்கள். அதற்காக வந்தது அது. கீழே கட்டியதற்குக் காரணம் எளிது. தாது கடல் பக்கம் ஓடுகிறது. எவ்வளவு தூரம் கடலை நெருங்குகிறோமோ அவ்வளவு நடை மிச்சம். அந்த எஞ்சின் பாகங்களை ஏறத்தாழ 60 மீட்டர் பாறையில் கயிறு கட்டி இறக்கியிருக்கிறார்கள். கிரேன் இல்லாத காலம்!

நிலவியல்_வாத்தியார்

செல்வி அவர்களின் மகனுக்கு முதல் மதிப்பெண்.

கடல் வராது என்பதில்லை, வரும். எப்போதும் கசிந்துகொண்டேதான் இருக்கும். அதை இறைத்துக்கொண்டே இருக்கவேண்டும். ஆனால் பாறை கெட்டி. அங்கே கீழிருந்து எழுந்த கருங்கல்லும் அதன் சூட்டில் வெந்து இறுகிய பழைய வண்டல் பாறையும் சந்திக்கின்றன. அந்தச் சந்திப்பில் ஏற்பட்ட வெடிப்புகளில் சூடான நீர் ஏறி, உலோகங்களைப் படியவிட்டுப் போனது. அந்தப் படிவுதான் தாது நரம்பு. செங்குத்தாக நிற்கும் பலகை மாதிரி இருக்கும். செயின்ட் ஜஸ்ட் பக்கம் பல நரம்புகள் கரையைக் குறுக்காக வெட்டிக்கொண்டு கடலுக்குள் போகின்றன. பின்னாலேயே மனிதனும் போனான்.

பேராசைதான் ஆபத்து. மேல்மட்டத்தில் நல்ல தாது கிடைத்தால் கடல் அடித்தளத்தை நோக்கிச் சுரண்டிக்கொண்டே போவார்கள். பொட்டாலக்கின் ஒரு பகுதியான வீல் காக்கில் அப்படித்தான். புயல் நாளில் கடலடியில் பாறாங்கற்கள் உருளும் சத்தம் தலைக்கு மேல் கேட்குமாம். கேட்டுவிட்டு மறுநாளும் இறங்கியிருக்கிறார்கள்.

கொஞ்சம் வடக்கே லெவன்ட். அது கடலுக்கு அடியில் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் போனது. அங்கே கடல் ஒருநாள் வந்தே விட்டது, 40 பாக ஆழத்து மட்டத்தில். நல்லவேளை, அப்போது சுரங்கம் மூடியிருந்தது. பக்கத்துச் சுரங்கமான கீவர் அந்த இடத்தில் வேலை செய்யவேண்டி வந்தபோது, 1960களில் கடலடித் தரையில் அந்த ஓட்டையைத் தேடிப்பிடித்து அடைத்தார்கள்.

பின்குறிப்பு: செம்புத் தாதுவும் கடல்நீரும் சேர்ந்து அங்கே ஒரு பச்சைக் கனிமம் உருவாகியிருக்கிறது. முதலில் கண்டறிந்தது அங்கேதான், அதனால் பெயரே பொட்டாலகைட்.

நாகை_கடலோடி

வாத்தியார் "பாகம்" என்று எழுதியதைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்கள் ஊரில் கடல் ஆழத்தைப் பாகத்தில்தான் சொல்வோம். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். சுரங்கத்துக்கும் அதே கணக்கா?

நிலவியல்_வாத்தியார்

அதே கணக்குதான் தம்பி. ஆறு அடி. கார்ன்வாலில் நிலத்துக்குள் போனாலும் கடல் அளவுதான். பொட்டாலக்கின் ஆழமான குழி கடல் மட்டத்துக்குக் கீழே 250 பாகம். உங்கள் ஆட்கள் அவ்வளவு கயிறு விட்டிருக்க மாட்டார்கள்.

ரசம்சாதம்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். செம்பு புரிகிறது. வெள்ளீயத்தை இவ்வளவு பாடுபட்டு எடுத்து என்ன செய்தார்கள்?

பாய்லர்_பாலு

இந்தப் பெயரை வைத்துக்கொண்டு இந்தக் கேள்வியா? உங்கள் வீட்டு ஈயச்சொம்பு வெள்ளீயம்தான். "பாத்திரத்துக்கு ஈயம் பூசலையா" என்று தெருவில் கூவிக்கொண்டு வருவாரே, அவர் பித்தளைக்குள் தேய்த்ததும் அதுதான். அங்கே இரும்புத் தகட்டின் மேல் பூசித் தகர டப்பா செய்தார்கள். செம்போடு சேர்த்தால் வெண்கலம். பற்றவைக்கும் ஈயத்திலும் அது உண்டு.

தங்கவயல்_பேரன்

இந்த இழையை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா என்று யோசித்தேன்.

நான் கே.ஜி.எஃப். (கோலார் தங்கவயல்) மாரிகுப்பம் பக்கம் லைன் வீட்டில் பிறந்தவன். தாத்தா, அப்பா இருவரும் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தார்கள். கார்ன்வால் என்ற பெயரை நான் ஊர்ப் பெயராகத் தெரிந்துகொள்வதற்கு முன்னால் ஆள் பெயராகத்தான் தெரியும். தங்கவயலை 1880 முதல் நடத்தியது லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ். அந்தக் குடும்பம் அதற்கு முன்பே கார்ன்வாலில் செம்புச் சுரங்கங்களை நடத்திப் பேர் வாங்கியது. 1866 வாக்கில் செம்பு விலை விழுந்து கார்ன்வாலில் சுரங்கங்கள் வரிசையாக மூடியபோது அந்த ஊர் ஆட்கள் ஆஸ்திரேலியா, அமெரிக்கா, மெக்சிகோ, தென்னாப்பிரிக்கா என்று கிளம்பினார்கள். பின்னால் சிலர் எங்கள் ஊருக்கும் வந்தார்கள். உலகத்தில் எங்கே குழி தோண்டினாலும் அடியில் ஒரு கார்ன்வால்காரன் நிற்பான் என்று அங்கே ஒரு சொலவடை உண்டாம். எங்கள் குழியில் அவனுக்கும் கீழே வட ஆற்காட்டுக்காரனும் சேலத்துக்காரனும் நின்றார்கள்.

தாத்தா வெள்ளைக்கார மேற்பார்வையாளரைக் "கேப்டன் துரை" என்றுதான் சொல்வார். ராணுவத்தில் இருந்தவர் போல என்று சின்ன வயதில் நினைத்துக்கொண்டிருந்தேன். கார்ன்வாலில் சுரங்க மேலாளருக்கே கேப்டன் என்றுதான் பெயர் என்று பிறகுதான் தெரிந்தது.

பாலு சார் எஞ்சினைப் பற்றி எழுதியது நன்றாக இருந்தது. ஆனால் இந்த இழையில் இதுவரை ஒரு ஆளும் சாகவில்லை. கடலுக்கு அடியில், மெழுகுவத்தி வெளிச்சத்தில், நூறு வருடம் வேலை நடந்திருக்கிறது. அதனால் கேட்கிறேன்.

செல்வி_பிரிஸ்டல்

கேட்டது சரிதான். நான் படங்களைப் பார்த்து மயங்கிப் போய்விட்டேன். லெவன்ட்டில் எங்களுக்குச் சுற்றிக்காட்டிய பெரியவர் சொன்னதை எழுதுகிறேன்.

ஆழம் கூடக் கூட, வேலை முடிந்து ஏணியில் ஏறி வரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகுமாம். அதற்காக 1857இல் "ஆள் எஞ்சின்" என்று ஒன்று வைத்தார்கள். குழி முழுக்க ஒரு மரத்தண்டு. அதில் 12 அடிக்கு ஒரு படி. தண்டு 12 அடி ஏறும், 12 அடி இறங்கும். குழிச் சுவரிலும் அதே இடைவெளியில் நிற்க மேடை. தண்டின் படியில் நின்றால் 12 அடி மேலே வரும், சட்டென்று மேடைக்கு மாறவேண்டும், தண்டு இறங்கி மறுபடி வரும்போது அடுத்த படியில் ஏறவேண்டும். இருட்டில், களைத்துப்போன காலோடு.

1919 அக்டோபர் 20, வேலை முடிந்து மேலே வரும் நேரம். தண்டில் நூறு பேருக்கு மேல் நின்றிருக்கிறார்கள். உச்சியில் தண்டையும் துலாத்தையும் பிணைத்த இரும்புத் துண்டு உடைந்தது. 31 பேர் இறந்தார்கள். அந்த ஆள் எஞ்சினை மறுபடி ஓட்டவே இல்லை. அடிமட்டங்களை அப்படியே கைவிட்டு, 1930இல் சுரங்கத்தையே மூடிவிட்டார்கள்.

அந்தக் குழி வாய்க்குப் பக்கத்தில் நின்றுதான் கேட்டோம். என் மகன் அதன்பிறகு கேள்வி எதுவும் கேட்கவில்லை.

நிலவியல்_வாத்தியார்

இன்னொன்று சொல்லவேண்டும். பொட்டாலக்குக்குத் தெற்கே நடந்தால் வீல் ஓல்ஸ் என்ற எஞ்சின் வீடு வரும். (வீல் என்றால் சக்கரம் இல்லை, கார்னிஷ் மொழியில் வேலைத்தலம்.)

அதற்கு அடுத்து வீல் ட்ரேயா என்ற பழைய, கைவிட்ட சுரங்கம். அதில் தண்ணீர் நிரம்பிக் கிடந்தது. வரைபடத்தில் பார்த்தால் இரண்டுக்கும் நடுவே போதுமான பாறை இருந்தது. ஆனால் வரைபடம் காந்தமுள்ளை நம்பி வரைந்தது. காந்த வடக்கு ஓரிடத்தில் நிற்பதில்லை, வருடா வருடம் கொஞ்சம் நகரும். பழைய வரைபடத்தையும் புது அளவையும் சேர்க்கும்போது அந்த நகர்வைக் கணக்கில் எடுக்கவில்லை. காகிதத்தில் இருந்த பாறை நிலத்துக்குள் இல்லை.

1893 ஜனவரி 10 காலை, பாறையை உடைத்துக்கொண்டு பழைய சுரங்கத்தின் தண்ணீர் முழுவதும் உள்ளே வந்தது. காற்று முன்னால் அடித்து எல்லா மெழுகுவத்தியும் அணைந்தது. 19 ஆட்கள், ஒரு பையன். உடல்களை எடுக்க முடியவில்லை. இன்றும் அவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

மாணவர்களுக்குக் காந்தத் திரிபு பாடம் எடுக்கும்போதெல்லாம் இதைச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பேன். இரண்டு மதிப்பெண் கேள்வி என்று தாண்டிப் போக மாட்டார்கள்.

பாய்லர்_பாலு

பேரன் தம்பி, உங்கள் கோபம் நியாயமானது. என் பங்குக்கு நானே ஒன்று சேர்க்கிறேன். பொட்டாலக்கின் சாய்வுக் குழியில் 1863 ஏப்ரலில் ஆட்களை ஏற்றிவந்த வண்டியின் சங்கிலி அறுந்தது. எட்டு ஆட்கள், ஒரு பையன். இரண்டு வருடம் கழித்து, 1865 ஜூலையில், அதே குழியில் வேல்ஸ் இளவரசரும் இளவரசியும் இறங்கிப் பார்த்தார்கள். ஊரே திருவிழாவாக இருந்ததாம்.

இருந்தாலும் எஞ்சினை விட்டுக்கொடுக்க மாட்டேன். லெவன்ட்டில் 1840இல் ஹார்வி கம்பெனி செய்த துலா எஞ்சின் ஒன்று இருக்கிறது. தாது தூக்கியது. சுரங்கம் மூடியதும் அதுவும் இரும்பு விலைக்குப் போயிருக்க வேண்டியது. 1935இல் உள்ளூர் ஆர்வலர்கள் சேர்ந்து அதைக் காப்பாற்றவே ஒரு குழு தொடங்கினார்கள். பிறகு பல ஆண்டுகள் அது துருப்பிடித்தே நின்றது. 1980களில் ஓய்வுபெற்ற ஆட்களும் விடுமுறை நாள் மெக்கானிக்குகளுமாக ஒரு கும்பல் கிரீஸும் அழுக்குமாகப் பிரித்து மேய்ந்தது. அவர்களுக்குப் பெயரே "கிரீஸ் கும்பல்". 1990களின் தொடக்கத்தில் மறுபடி நீராவியில் ஓடியது. அதே இடத்தில், அதே வீட்டில். அந்தக் கும்பலில் ஒருவனாக இருந்திருக்கக் கூடாதா என்று எனக்கு ஏக்கம் உண்டு.

ரசம்சாதம்

செல்வி அக்கா, நீங்கள் போட்ட பொட்டாலக் படங்களில் தாழ்வான வளைவு வளைவாக ஒரு கட்டடம் தெரிகிறதே, அது என்ன? சுற்றிலும் புல் பூண்டு இல்லாமல் இருக்கிறது.

நிலவியல்_வாத்தியார்

அதில் உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிடவில்லையே, செல்வி?

அது ஆர்சனிக் எடுத்த இடம். அங்கே வெள்ளீயத் தாதுவோடு ஆர்சனிக் கலந்து வரும். தாதுவை உலையில் வறுத்தால் ஆர்சனிக் புகையாகப் போகும். அந்தப் புகையை வளைந்து வளைந்து போகும் கல் அறைகளுக்குள் விட்டால் ஆறி, சுவரில் வெள்ளைப் படிகமாகப் படியும். நம் சித்த வைத்தியத்தில் வெள்ளைப் பாஷாணம் என்போமே, அதேதான். பிறகு ஆட்கள் உள்ளே போய்ச் சுரண்டி எடுப்பார்கள். பாதுகாப்பு? மூக்கில் பஞ்சு, முகத்தில் களிமண் பூச்சு. அவ்வளவுதான்.

பொட்டாலக் மொத்த வாழ்நாளில் கொடுத்தது ஏறத்தாழ 14,500 டன் வெள்ளீயம், 20,000 டன் செம்புத் தாது, 1,500 டன் ஆர்சனிக். ஆர்சனிக்கில் பெரும் பங்கு பூச்சிமருந்துக்கு. அமெரிக்கப் பருத்திக் காட்டுக்கெல்லாம் கார்ன்வால் பாஷாணம் போயிருக்கிறது.

செல்வி_பிரிஸ்டல்

சாப்பிடவில்லை சார். சின்னவள் சுவரைத் தொட்டுப் பார்த்தாள், கை கழுவிவிட்டேன். இப்போது வயிற்றைக் கலக்குகிறது!

மேலே இந்த வேலைகளில் பெண்களும் இருந்தார்கள் என்பதையும் எழுதவேண்டும். கார்ன்வாலில் பெண்கள் குழிக்குள் இறங்கவில்லை. தாதுக் கல்லைச் சம்மட்டியால் உடைத்துத் தரம் பிரிப்பது அவர்கள் வேலை. பால் மெய்டன் என்று பெயர், பால் என்றால் சுரங்கம். வெயில் படாமல் முகத்தை மூடும் பெரிய துணித் தொப்பியும் வெள்ளை ஏப்ரனுமாகப் படங்களில் நிற்கிறார்கள். கூலி ஆண்களைவிட மிகக் குறைவு.

ஆண்களிலும் எல்லோரும் கூலிக்கு வேலை செய்யவில்லையாம். சிலர் சுவரில் ஒரு பகுதியை ஏலம் கேட்டு எடுத்து, வரும் தாதுவின் மதிப்பில் பங்கு வாங்குவார்கள். மெழுகுவத்தி, வெடிமருந்துச் செலவு அவர்களுடையது. நரம்பு நன்றாக ஓடினால் லாபம், இல்லாவிட்டால் கடன்.

நாகை_கடலோடி

வாரத்துக்கு விட்ட நிலம் மாதிரி. வலை, டீசல் எல்லாம் எங்கள் தலையில், மீன் கிடைத்தால் பங்கு. புரிகிறது.

தங்கவயல்_பேரன்

எல்லோருக்கும் நன்றி. பாலு சார், உங்கள் மேல் கோபம் இல்லை. எனக்கு வேறொரு ஆற்றாமை.

பொட்டாலக் 1895இல் மூடி, 1907இல் திறந்து, 1914இல் மறுபடி மூடியது. கீவர் கடைசிவரை ஓடி, 1985 அக்டோபரில் உலக வெள்ளீயச் சந்தை சரிந்த பிறகு திணறி, 1990இல் மூடியது. அடுத்த வருடம் பம்புகளை நிறுத்தினார்கள், கடலடி வேலைத்தலங்கள் நீரில் மூழ்கின. ஆனால் 1993இல் கீவர் அருங்காட்சியகமாகத் திறந்தது. 2006இல் அந்த வட்டாரமே யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் ஏறியது.

எங்கள் சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடியது. மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம், அடியில் பாறைச் சூடு 60 டிகிரிக்கு மேல். "ஏர் பிளாஸ்ட்" என்று ஊரே சொல்லும், பாறை தானாக வெடிக்கும், வீட்டில் பாத்திரம் அதிரும், பெண்கள் குழி வாசலுக்கு ஓடுவார்கள். அதுவும் நீரில் மூழ்கிக் கிடக்கிறது. மிஞ்சியது சயனைடு மேடு, தங்கம் பிரித்தெடுத்த கழிவின் குவியல். காற்றடிக்கும் மாதத்தில் அந்த வெள்ளைத் தூசி துணி காயப்போட விடாது. ஆட்கள் விடிகாலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் ராத்திரி திரும்புகிறார்கள்.

கார்ன்வாலில் காப்பாற்றியதற்கு ஒரு காரணம், சுரங்கம் போனதும் அங்கே கடலும் பயணிகளும் இருந்தார்கள். எங்களுக்கு அது இல்லை. இன்னொரு காரணம் அந்தக் கிரீஸ் கும்பல்.

பாய்லர்_பாலு

தம்பி, உங்கள் சுரங்கத்தில் தாது தூக்கிய பழைய எஞ்சின்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்று உங்களால் போய்ப் பார்க்க முடியுமா? உள்ளே விடுவார்களா? தனிச் செய்தியில் எழுதுங்கள். எனக்கு நேரம் நிறைய இருக்கிறது, ஓசூரில்தான் இருக்கிறேன்.

செல்வி_பிரிஸ்டல்

பேரன், ஒன்று கேட்கவேண்டும் என்றிருந்தேன். கீவரில் ஆள் உயரத்துக்குப் பெரிய இரும்பு வாளி ஒன்று கிடந்தது. குழியிலிருந்து தாது தூக்குவது. "கிப்பிள்" என்று எழுதியிருந்தது. உங்கள் ஊரிலும் அது உண்டா?

தங்கவயல்_பேரன்

அக்கா, அந்தச் சொல்லைப் படித்ததும் சிரித்துவிட்டேன். எங்கள் வீட்டில் தண்ணீர் பிடிக்கும் பெரிய வாளிக்குப் பெயரே கிப்பிள்தான். "அந்தக் கிப்பிளை எடுத்துட்டு வாடா" என்பார் பாட்டி. தெலுங்குச் சொல் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

படம் இருந்தால் போடுங்கள். பாட்டிக்கு 91 வயது, கண் இன்னும் தெரிகிறது.